ஐந்து வருட மாத்திரை: மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகான ஹார்மோன் சிகிச்சையும் அதன் தொல்லைகளும்

காரைக்குடியில் எங்கள் குடும்ப மருந்துக்கடையில் பதினெட்டு ஆண்டுகளாக நிற்கிறேன். சீட்டைப் பார்த்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ரத்த அழுத்த மாத்திரை வாங்குகிறவர் இரண்டு மாதம் வரவில்லை என்றால், சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போயிருப்பார் என்று விட்டுவிடுவேன். மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்கச் சாப்பிடும் டாமாக்சிஃபெனோ லெட்ரோசோலோ வாங்குகிற பெண் வரவில்லை என்றால் அப்படி விட மனம் வருவதில்லை.

சென்ற ஆவணியில் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போனபோது, அப்படி வராமல் போன ஓர் ஆச்சியின் வீட்டில் எட்டிப் பார்த்தேன். முகப்பில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். அவர் சொம்பைப் பிடித்த விதமே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. விரல்களால் பிடிக்கவில்லை, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து ஏந்திக்கொண்டு வந்தார். பிறகு உள்ளே போய் ஓர் ஓலைக் கொட்டானை எடுத்து வந்து திறந்தார். அதில் லெட்ரோசோல் அட்டைகள் நான்கு, ஒரு மாத்திரைகூடப் பிரிக்காமல்.

"காலையில் விரல் மடங்கவில்லை ஆத்தா. கோலமாவை எடுத்தால் விரலிடுக்கில் நிற்கவில்லை. நிறுத்திப் பார்த்தேன், கொஞ்சம் தேவலை. அப்படியே விட்டுவிட்டேன்."

"டாக்டரிடம் சொன்னீர்களா ஆச்சி?"

"உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவரிடம் போய் விரல் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது?"

இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்தக் கேள்விதான். விரல் வலியை அவரிடம் தாராளமாகச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். இந்த மாத்திரைகள் தரும் தொல்லைகள் உண்மையானவை, மனப்பிரமை அல்ல. பெரும்பாலானவற்றைக் குறைக்க வழி இருக்கிறது. மாத்திரையை மௌனமாக நிறுத்திவிட்டால் அந்த வழிகள் எதுவும் உங்களை வந்து சேராது.

கொடுப்பதில்லை, தடுக்கிறது

முதல் குழப்பம் பெயரில் இருக்கிறது. ஹார்மோன் சிகிச்சை என்றதும் ஹார்மோனை உடம்புக்குள் ஏற்றுகிறார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. ஹார்மோன் போய்ச் சேராமல் தடுக்கிற சிகிச்சை இது.

மார்பகப் புற்றுநோய்களில் பாதிக்கு மேற்பட்டவை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை உண்டு வளர்கிறவை. உங்கள் பயாப்ஸி (சதைப் பரிசோதனை) அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர். என்று இரண்டு வரிகள் இருக்கும்; ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டெரோன் என்ற பெண் ஹார்மோன்களைப் பிடிக்கும் ஏற்பிகளை அவை குறிக்கும். அவற்றில் ஒன்றுக்கேனும் பாசிட்டிவ் என்று எழுதியிருந்தால், உங்கள் நோய் அந்த வகை. அந்த வகைக்குத்தான் இந்த மாத்திரை.

நம் பக்கத்து வயலை நினைத்துக்கொள்ளுங்கள். கண்மாயிலிருந்து மடை வழியாகத் தண்ணீர் வருகிறது. வயலில் கோரை மண்டிவிட்டது. கோரையைப் பிடுங்கினீர்கள்: அது அறுவை சிகிச்சை. உழுது புரட்டினீர்கள்: அது கீமோவும் கதிர்வீச்சும். வயல் சுத்தமாகத் தெரிகிறது. ஆனால் கோரை வளர்த்தவர்களுக்குத் தெரியும், மண்ணுக்குள் கிழங்கு கிடக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் கிடைத்தால் இரண்டு வருடம் கழித்துக்கூட முளைக்கும். அதனால் ஐந்து வருடம் அந்த வயலுக்குத் தண்ணீர் விடாமல் வைக்கிறோம். சிலருக்கு மருத்துவர் அதைப் பத்து வருடம் வரை நீட்டுவார்.

தண்ணீரை நிறுத்த இரண்டு வழிகள். மடையில் பலகை போட்டு அடைக்கலாம். டாமாக்சிஃபென் செய்வது அதுதான். ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் இருக்கும், ஆனால் மார்பகச் செல்லில் இருக்கும் ஏற்பியில் அதனால் ஒட்ட முடியாது. தினம் 20 மில்லிகிராம், மாதவிலக்கு நின்றவர்களும் நிற்காதவர்களும் சாப்பிடலாம்.

இன்னொரு வழி, கண்மாய்க்கு வரும் வரத்துக்காலையே அடைப்பது. மாதவிலக்கு நின்ற பிறகு சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். ஆனாலும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வருகிற மூலப்பொருளைக் கொழுப்பிலும் தசையிலும் இருக்கிற அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம், அனாஸ்ட்ரோசோல் 1 மில்லிகிராம், எக்ஸிமெஸ்டேன் 25 மில்லிகிராம் ஆகிய மூன்றும் அந்த நொதியைத்தான் கட்டிப்போடுகின்றன. மாதவிலக்கு இன்னும் வருகிற இளம் பெண்களுக்கு இவை தனியாகப் பயன்படாது. சினைப்பை என்ற ஆறே ஓடிக்கொண்டிருக்கும்போது வாய்க்காலை அடைத்து என்ன பயன்? அவர்களுக்கு இவற்றைக் கொடுப்பதானால் கோசரலின் போன்ற ஊசியை 28 நாளுக்கு ஒருமுறை போட்டுச் சினைப்பையை உறங்கவைத்த பிறகுதான் கொடுப்பார்கள்.

இங்கே ஒரு விஷயம். குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கிற பெண்களுக்கும் கருமுட்டை வளர்வதற்கு இதே லெட்ரோசோலைச் சில நாட்களுக்கு எழுதுவதுண்டு. வீட்டில் யாராவது இணையத்தில் தேடிவிட்டு, "இது குழந்தை உண்டாகக் கொடுக்கிற மாத்திரை, உனக்கு ஏன் கொடுத்தார்கள்?" என்று கேட்டுப் பயமுறுத்திவிடுகிறார்கள். அதே அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்து அழுத பெண்ணை எனக்குத் தெரியும். மருந்து ஒன்று, வேலை இரண்டு. பயப்பட வேண்டாம்.

சினைப்பைக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் இருக்கும் இந்த உறவு நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. ஸ்காட்லாந்தில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர் 1896-லேயே சினைப்பையை அகற்றி, முற்றிய கட்டி சுருங்குவதைப் பார்த்து எழுதினார். டாமாக்சிஃபெனை 1962-ல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் உருவாக்கியபோது, அவர்கள் தேடியது கருத்தடை மாத்திரையை. அதற்கு அது உதவவில்லை. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, நமக்குப் பக்கத்தில் இருக்கும் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர். புற்றுநோய் வந்தால் முடிந்தது என்று ஊரே நம்பியிருந்த காலத்தில் அந்தக் கட்டடத்தை எழுப்பியவர் நம் பக்கத்துப் பெண் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

இப்போது பக்கவிளைவுக்கு வருவோம். கண்மாய்த் தண்ணீரைக் கோரை மட்டும் குடிக்கவில்லை. எலும்பு, மூட்டு, மூளையின் வெப்பக் கட்டுப்பாடு, பிறப்புறுப்பின் மென்தோல், தூக்கம் எல்லாம் அதே தண்ணீரில் விளைந்த பயிர்கள். கோரைக்கு நிறுத்தினால் பயிரும் வாடும். வாடுகிற பயிருக்கு வேறு வகையில் ஈரம் காட்டுவதுதான் பக்கவிளைவைச் சமாளிப்பது என்பதன் பொருள்.

அந்தச் சூடு வேறு, இந்தச் சூடு வேறு

"உடம்பெல்லாம் தீ மூட்டினாற்போல இருக்கிறது" என்பார்கள். நெஞ்சில் தொடங்கிக் கழுத்து, முகம் என்று ஏறும். இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கும், வியர்த்து ஊற்றும், அதன்பின் குளிரும். இரவில் வந்தால் தலையணை நனையும். டாமாக்சிஃபெனிலும் வரும், மற்ற மூன்றிலும் வரும்.

நம் வீடுகளில் உடனே "உடம்புச் சூடு" என்று பெயர் வைத்து வெந்தயம் ஊறவைப்பார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்வார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் இந்தச் சூடு வயிற்றிலிருந்து கிளம்புவதல்ல. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி உடம்பின் வெப்பத்தை ஒரு வரம்புக்குள் வைத்துக் காக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அந்த வரம்பு ஒடுங்கிவிடுகிறது. முன்பு பொருட்படுத்தாத சிறு ஏற்றத்தையும் இப்போது பெரும் வெப்பம் என்று எடுத்துக்கொண்டு ரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைத் திறந்துவிடுகிறது. பலருக்கு முதல் சில மாதங்கள் கடுமையாக இருந்து பிறகு தணியும்.

எனவே அந்தச் சிறு ஏற்றங்களைக் குறைப்பதுதான் முதல் வேலை. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் காபி சிலருக்குத் தூண்டும். காரம் சிலருக்குத் தூண்டும். செட்டிநாட்டுச் சமையலில் மிளகும் வரமிளகாயும் இல்லாமல் சாப்பிடு என்றால் யாரும் கேட்கப்போவதில்லை, எல்லோருக்கும் அது தேவையும் இல்லை. இரண்டு வாரம் கவனித்துப் பாருங்கள். காரக்குழம்பு வைத்த நாளெல்லாம் இரவு நனைகிறதா? அப்படியானால் இரவில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப் பால் ஊற்றிக்கொண்டு காரத்தைப் பகலுக்கு மாற்றிவிடுங்கள். அடுப்படியில் அடுப்பை நோக்கி அல்ல, உங்களை நோக்கி ஒரு மேசை விசிறி வையுங்கள். பாலியெஸ்டர் நைட்டியை ஒதுக்கிவிட்டுப் பழகிய பருத்திக்கு வாருங்கள். பழைய கண்டாங்கிச் சேலை துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்குமே, இரவுக்கு அதைவிட நல்ல துணி எனக்குத் தெரியாது. சூடு ஏறத் தொடங்கும்போது மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடுவது சிலருக்குக் கைகொடுக்கிறது. மாத்திரையை இரவில் சாப்பிடுகிறவர்கள் காலைக்கும், காலையில் சாப்பிடுகிறவர்கள் இரவுக்கும் மாற்றிப் பார்க்கலாம். எந்த வேளையானாலும் தினமும் அதே வேளை என்பது முக்கியம்.

இதற்கெல்லாம் அடங்காமல் தூக்கம் கெடுகிறது என்றால் மருந்து இருக்கிறது. வென்லாஃபாக்சின், காபாபென்டின், ஆக்ஸிபியூட்டினின் ஆகியவற்றில் ஒன்றை மருத்துவர் குறைந்த அளவில் எழுதலாம். வென்லாஃபாக்சின் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்து. அட்டையோடு வரும் தாளைப் படித்துவிட்டு, "எனக்கு மனநோய் என்று நினைத்துவிட்டாரா?" என்று கேட்கிறார்கள். இல்லை. அது வெப்பக் கட்டுப்பாட்டையும் சீராக்கும், அதற்காகத்தான் எழுதுகிறார்.

ஆனால் டாமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். டாமாக்சிஃபெனைக் கல்லீரல் வேறொரு வடிவத்துக்கு மாற்றிய பிறகுதான் அது முழு வலுவோடு வேலை செய்யும். பாராக்செடின், ஃபுளுவாக்செடின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் அந்த மாற்றத்தைத் தடுத்துவிடும். வேறொரு மருத்துவரிடம் தூக்கமின்மைக்கோ பதற்றத்துக்கோ போகும்போது, "நான் டாமாக்சிஃபென் சாப்பிடுகிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

பெண்களுக்கான சத்து என்று விற்கும் தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம், சோயாச் சாறு மாத்திரைகள் போன்றவற்றில் ஈஸ்ட்ரோஜனைப் போல நடந்துகொள்ளும் பொருட்கள் இருக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். சோயாவை உணவாக எப்போதாவது சமைத்துச் சாப்பிடுவது வேறு, அதற்குப் பயம் வேண்டாம். உளுந்தில் செய்யும் கும்மாயத்தையும் நிறுத்த வேண்டியதில்லை.

விரல் மடங்காத காலை

லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் சாப்பிடுகிறவர்களை அதிகமாக மாத்திரையிலிருந்து விரட்டுவது இந்த வலிதான். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களில் தொடங்கும். காலையில் எழுந்ததும் கை பூட்டிக்கொண்டதுபோல இருக்கும். முழங்கால் தரையில் ஊன்ற விடாது. உட்கார்ந்து எழுந்தால் நாலடி வைக்கும்வரை பிடிப்பு. நடந்து நடந்து ஒன்பது மணிக்கு மேல் தளர்ந்துவிடும். சிலருக்குக் கட்டைவிரல் பக்கத்து மூன்று விரல்கள் மரத்துப்போகும். மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்படுவதால் வருவது அது. கொட்டான் முடைகிற பெண் ஒருவர், "ஓலை கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை" என்று சொன்னார். சீட்டைக் கொடுக்கும்போதே அதைச் சொன்னதால் நல்லதாயிற்று. இரவில் மணிக்கட்டுப் பட்டை கட்டச் சொல்லி மருத்துவர் எழுதினார்.

இந்த வலிக்கு ஓய்வு எடுப்பது இயல்பாகத் தோன்றும். அது தவறான பக்கம் இழுக்கிறது. அசைவுதான் மருந்து. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடையும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் ஓராண்டு தொடர்ந்த பெண்களுக்கு இந்த மாத்திரையால் வந்த மூட்டு வலி குறைந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். 150 நிமிடம் என்றால் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி. குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் நடந்து பழகிய ஊர் நம்முடையது, பழனிக்கே நடக்கிறோம். தினம் அரைமணி நமக்குப் பெரிதல்ல. வலியோடு தொடங்கும்போது பத்து நிமிடம் போதும், வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். தசைப் பயிற்சிக்கு ஜிம் வேண்டாம். நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, சுவரில் கையை வைத்துத் தள்ளுவது போதும். அறுவை செய்த பக்கக் கையில் வீக்கம் இருந்தால் மட்டும் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

காலையில் எழுந்ததும் ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து இரண்டு கைகளையும் பத்து நிமிடம் அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே விரல்களை மடக்கி நீட்டுங்கள். கோலத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வலி கடுமையான நாளில் பாராசிட்டமால் போடலாம். கடையில் கேட்டு வாங்கும் வலுவான வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். வயிறும் சிறுநீரகமும் கெடும். இன்னொன்றை நெஞ்சில் கை வைத்துக் கேட்டுக்கொள்கிறேன். பெயரும் ஊரும் இல்லாமல் பொட்டலத்தில் வரும் மூட்டு வலிச் சூரணங்களை வாங்காதீர்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. மூன்றே நாளில் வலி பறந்துவிடும், எலும்பு உள்ளுக்குள் கரையும். ஏற்கெனவே எலும்பைத் தேய்க்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது இரட்டை அடி.

நடையும் பாராசிட்டமாலும் போதவில்லை என்றால் மருத்துவரிடம் இன்னும் கைநிறைய வழிகள் இருக்கின்றன. டூலோக்செடின் என்ற மருந்து சிலருக்கு உதவுகிறது. அக்குபங்சர் உதவுவதாகவும் ஆய்வுகள் உண்டு. எல்லாவற்றையும்விட எளியது மாத்திரையை மாற்றுவது. இந்த மூன்றும் ஒரே வேலை செய்பவைதான், ஆனாலும் ஒன்றில் துடித்தவர் இன்னொன்றில் சமாளித்துவிடுகிறார். மூன்றும் ஒத்துவராவிட்டால் டாமாக்சிஃபெனுக்கு மாறலாம்.

எலும்பு சொல்லாமல் தேயும்

மூட்டு கத்திச் சொல்லும், எலும்பு சொல்லாது. வழுக்கி விழும் நாளில்தான் தெரியும். வரத்துக்காலை அடைக்கும் மூன்று மாத்திரைகளும் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். டாமாக்சிஃபென் இங்கே விசித்திரமானது. மார்பகத்தில் மடையை அடைத்துவிட்டு எலும்பில் பாதி திறந்துவைக்கிறது. மாதவிலக்கு நின்றவர்களுக்கு எலும்பைக் காக்கவே செய்கிறது. கருப்பையிலும் அப்படித்தான் பாதி திறந்துவைக்கிறது. அதில் ஓர் ஆபத்து உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

எனவே லெட்ரோசோல் வகையைத் தொடங்கும்போதே டெக்ஸா என்ற எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும், பிறகு ஒன்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. மதுரையிலும் திருச்சியிலும் எடுக்கிறார்கள். படுக்கவைத்துச் சில நிமிடத்தில் முடிந்துவிடும், ஊசி கிடையாது. எடுக்கச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஒரு பெரிய டம்ளர் பாலில் சுமார் 250. எள், முருங்கைக்கீரை, முள்ளோடு மெல்லும் நெத்திலி எல்லாம் சேரும். உணவில் எட்டாததை மாத்திரை ஈடுசெய்யும். வெயில் கொளுத்தும் ஊரில் இருந்தும் வைட்டமின் டி குறைவாக இருப்பவர்கள் நிறையப் பேர், ஏனென்றால் நாம் அந்த வெயிலில் நிற்பதில்லை. ரத்தத்தில் பார்த்துவிட்டு மருத்துவர் சொல்லும் அளவுக்குச் சாப்பிடுங்கள். வாரம் ஒன்று என்று எட்டு வாரத்துக்கு எழுதிய 60,000 யூனிட் மருந்தை இரண்டு வருடமாக வாங்கிக்கொண்டிருந்தவரை நான் தடுத்திருக்கிறேன், கூடினாலும் கெடுதல். ஸ்கேனில் தேய்மானம் தெரிந்தால் சோலெட்ரானிக் அமிலம் போன்ற ஊசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுவார்கள். அதற்கு முன்பு பல் மருத்துவரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிட வேண்டும். அந்த ஊசி போட்ட பிறகு பல்லைப் பிடுங்கினால் அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போகும்.

வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் துடைத்துத் துடைத்துக் கண்ணாடிபோல ஆகியிருக்கும். மழை நேரத்தில் வளவு முற்றத்துச் சாரல் அதில் பட்டால் கால் நிற்காது. ஒரு கட்டிலிருந்து அடுத்த கட்டுக்குப் போகும் நிலைப்படிகள் உயரமானவை, இரவு விளக்கில்லாமல் தடுக்கும். முற்றத்தைச் சுற்றி ஒரு கோணி, வழியில் ஒரு சிறு விளக்கு, குளியலறையில் ஒரு கைப்பிடி போதும்.

யாரிடமும் சொல்லாதது

கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, "அந்த இடத்தில் எரிச்சல்" என்பார்கள். சிலர் அதையும் சொல்லாமல் ஏதாவது களிம்பு கேட்பார்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் பிறப்புறுப்பின் மென்தோல் வறண்டு மெலிகிறது. அரிக்கும், எரியும், சிறுநீர் போகும்போது கடுக்கும், தாம்பத்தியம் வேதனையாகிவிடும். டாமாக்சிஃபெனில் சிலருக்கு வறட்சிக்குப் பதில் வெள்ளைப்படுதல் கூடும்.

இதில் வெட்கப்பட ஏதுமில்லை. வாரம் இரண்டு மூன்று முறை உள்ளே தடவும் ஹார்மோன் கலக்காத ஈரப்பதக் களிம்புகள் இருக்கின்றன. சேரும் நேரத்துக்கு நீர் கலந்த வழுவழுப்புக் களிம்பு தனி. தேங்காய் எண்ணெயும் சிலருக்கு ஒத்துக்கொள்கிறது, ஆனால் ஆணுறையோடு சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது, ரப்பர் கிழியும். வாசனைச் சோப்பால் அங்கே கழுவாதீர்கள். வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பு எழுதுவதும் வழக்கம்தான், ஆனால் உங்களுக்கு அது ஆகுமா என்பதைப் புற்றுநோய் மருத்துவர் மட்டுமே முடிவுசெய்ய வேண்டும். கணவரிடம், "வலிக்கிறது, உங்கள் மேல் வெறுப்பில்லை" என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஒதுங்கினால் அவர் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்.

டாமாக்சிஃபெனில் மாதவிலக்கு தாறுமாறாகலாம், நின்றும் போகலாம். நின்றுவிட்டது என்பதற்காகக் கரு உண்டாகாது என்று இருந்துவிடாதீர்கள். கருவுக்கு இந்த மருந்து ஆகாது. காப்பர் டி, ஆணுறை போன்ற ஹார்மோன் இல்லாத தடுப்புதான் வேண்டும். குழந்தை வேண்டும் என்கிற இளம் பெண்கள் நம்பிக்கை இழக்க வேண்டாம். பதினெட்டு மாதத்துக்கு மேல் சிகிச்சை எடுத்த பிறகு, இரண்டு ஆண்டு வரை இடைவெளி விட்டுப் பிள்ளை பெற்ற பெண்களைப் பற்றிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. அந்தக் குறுகிய காலத்தில் நோய் திரும்புவது கூடவில்லை. மருத்துவரோடு உட்கார்ந்து திட்டமிட வேண்டிய காரியம் அது.

இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோவில் திருவிழாவுக்கு, பழனி நடைக்கு, வீட்டு விசேஷத்துக்கு என்று மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை கேட்டுத் தை மாதத்தில் எத்தனையோ பேர் வருவார்கள். நார்எத்திஸ்டெரோன் என்ற அந்த மாத்திரையே ஒரு ஹார்மோன். ஹார்மோனால் வளரும் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதைத் தொடக் கூடாது. ரத்தப்போக்கு அதிகம் என்று வாங்கும் டிரனெக்சாமிக் அமிலமும் டாமாக்சிஃபெனோடு சேர்ந்தால் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். மகளோ மருமகளோ வந்து வாங்கிப் போவதால் கடைக்காரருக்கு யாருக்கு என்றே தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவை

மேலே சொன்ன தொல்லைகள் எல்லாம் அடுத்த சந்திப்புவரை பொறுக்கும். இவை பொறுக்காது.

டாமாக்சிஃபென் சாப்பிடும்போது ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்துச் சூடாக இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் உறைந்திருக்கலாம். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ வந்தால், ஒரு பக்கம் முகமோ கையோ இழுத்தால், உடனே 108. பல்லவன் ரயிலில் சென்னைக்கு உட்கார்ந்தே போகிறவர்கள் மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். வேறு ஏதாவது அறுவைக்குப் போகும்போதும் இந்த மாத்திரையைச் சொல்லுங்கள்.

மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்த பிறகு துளி ரத்தம் கண்டாலும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருப்பையில் மடை பாதி திறந்திருக்கிறது என்றேனே, அதனால் உட்சுவர் தடித்து அரிதாகப் புற்றாகலாம். சீக்கிரம் பிடித்தால் குணமாகும். பார்வை மங்கினால் கண் மருத்துவர்.

முடி மெலிவது, எடை ஏறுவது, எரிச்சலும் அழுகையும், காரணமில்லாத அசதி எல்லாம் வருவதுண்டு. நடை இவற்றில் பாதிக்குக் கைகொடுக்கும். அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதையும் ஒரு பக்கவிளைவாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நிறுத்துவதற்கு முன்

ஐந்து ஆண்டு டாமாக்சிஃபென் சாப்பிட்ட பெண்களிடம், முதல் பதினைந்து ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் வரும் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மாத்திரை முடிந்த பிறகும் அந்தப் பாதுகாப்பு தொடர்ந்தது. தினம் ஒரு சிறு மாத்திரைக்கு இது சாதாரணப் பலன் அல்ல. ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள், வழக்கம்போல ஒன்றைத் தொடருங்கள். வாரக்கணக்கில் விட்டுவிட்டீர்களா? அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த மருத்துவரும் இதற்காக உங்களை விரட்டப்போவதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடங்க வழி சொல்வார்.

மருத்துவர் நமக்குக் கொடுப்பது ஐந்து நிமிடம். உள்ளே போனதும் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பார், "நன்றாக இருக்கிறேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதனால்தான் அந்த ஆச்சியிடம், "உங்கள் வீட்டில் பேரேடு எழுதிய கை, இதற்கும் ஒரு கணக்கு எழுதுங்கள்" என்றேன். நாற்பது பக்க நோட்டு. தேதி, எழுந்த நேரம், விரல் எத்தனை மணிக்கு மடங்கியது, வலி பத்துக்கு எத்தனை, எதைச் செய்ய முடியவில்லை. அவ்வளவுதான்.

மூன்று வாரக் கணக்கோடு போனார். "விரல் வலி" என்று சொல்லக் கூசியவர் நோட்டை மட்டும் மேசையில் வைத்திருக்கிறார். மருத்துவர் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்து, வைட்டமின் டி பார்க்க ரத்தம் எடுக்கச் சொல்லி, லெட்ரோசோலை விட்டுவிட்டு எக்ஸிமெஸ்டேன் எழுதியிருக்கிறார். சீட்டை என்னிடம் நீட்டும்போது, "திட்டவே இல்லை ஆத்தா" என்றார்.

வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. தை பிறந்த பிறகு மாத்திரை வாங்க வந்தபோது நோட்டையும் எடுத்து வந்திருந்தார். முதல் பக்கத்தில் விரல் மடங்கிய நேரம் 9.15 என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் 7.20. அதற்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் "நடுவீட்டுக் கோலம், பாதி" என்று எழுதியிருந்தார்.